இன்னொரு படம்

"கொஞ்சம் உக்காருங்க மேடம், இன்னொரு படம் எடுக்கணும்னு டாக்டர் சொல்றாங்க." கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டிச் சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டாள். அவள் போன பிறகும் சொன்னது அந்தச் சின்ன அறையை விட்டுப் போகவில்லை. ரெஜினா பச்சை அங்கியின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கிக்கொண்டாள். எந்தப் பக்கம் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் குரலில் ஏதாவது இருந்ததா? முதலில் கூப்பிட்டபோது எங்கேயோ பார்த்துக்கொண்டு கூப்பிட்டவள் இப்போது முகத்தைப் பார்த்துச் சொன்னாள். கொஞ்சம் கூடுதல் மரியாதை. இல்லை, அப்போதும் முகத்தைப் பார்த்துத்தான் கூப்பிட்டாளோ என்னவோ. படம் சரியாக விழாமல் இருந்திருக்கலாம். அந்தக் கண்ணாடித் தட்டு மேலிருந்து இறங்கி மார்பை அழுத்தியபோது, மூச்சை அடக்குங்க அடக்குங்க என்று அவள் சொல்லச் சொல்ல, வலியில் தோள் தன்னால் உயர்ந்தது ரெஜினாவுக்கே தெரிந்தது. பவுடர் துளி ஒட்டியிருந்தாலும் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும் என்று ஈரப் பஞ்சால் அக்குளைத் துடைத்துவிட்டார்கள். அதில் மிச்சம் இருந்திருக்கலாம். இப்படித் திரும்பக் கூப்பிடப்படுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இருக்காது. இது அவளுக்குத் தெரியாததா? திருச்சியில், புள்ளியியல் பாடம் நடத்தும் பெண்கள் கல்லூரியில் வருஷா வருஷம் இதே கணக்கைத்தான் கரும்பலகையில் போடுகிறாள். நோய் இல்லாதவர்களின் கூட்டம் பெரிது. அதனால் சோதனையில் மாட்டுகிறவர்களிலும் அவர்கள்தான் அதிகம். பாடப் புத்தகத்திலேயே புற்றுநோய்ச் சோதனை என்றுதான் உதாரணம் இருக்கும். போட்டு முடித்துச் சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு, பார்த்தீங்களா, பயப்பட ஒண்ணுமில்ல என்பாள். ஒரு வருஷம் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி, "மிஸ், மிச்சம் இருக்கிற அந்தக் கொஞ்சப் பேரு யாருன்னு கணக்குல வருமா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. ரெஜினாவும் சிரித்தாள். அவளுக்கு என்ன பதில் சொன்னோம் என்று இப்போது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஒன்றும் சொல்லாமல் அடுத்த கணக்குக்குப் போயிருப்போம்.

பக்கத்து நாற்காலியில் அக்கா ஃபிலோமினா, ரெஜினாவின் சுடிதார் மேல்சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். ரெஜினாவைப் பிடிவாதமாக இங்கே இழுத்துவந்தவள் அவள்தான். "நாப்பத்தேழு ஆச்சு உனக்கு. இதுக்கு மேல சாக்குச் சொன்னா நான் உன் வீட்டு வாசப்படிய மிதிக்கமாட்டேன்" என்றாள். நாற்பத்தேழு என்று அவள் அழுத்திச் சொன்னதற்கு அர்த்தம் இரண்டு பேருக்கும் தெரியும். அம்மா அந்த வயதோடு நின்றுபோனாள். அம்மாவை நினைத்தால் ரெஜினாவுக்கு முகம் வருவதில்லை, முழங்கைதான் வரும். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில், பட்டறைச் சங்கு ஊதி அப்பா சைக்கிளில் திரும்பும் சாயங்கால நேரத்தில், பத்தாம் வகுப்பு மார்க்கைச் சொல்ல ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மா முழங்கையை மடக்கி, கூர்மையாக, அவள் நெஞ்சில் வைத்துத் தள்ளினாள். ‘அங்கிட்டு நில்லு.’ அவ்வளவுதான் சொன்னாள். மார்க் போதவில்லை என்று கோபமோ? அந்தக் கோடை முழுவதும் ரெஜினா அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். புடவையை இரண்டு தோளையும் சுற்றிப் போர்த்திக்கொள்ள ஆரம்பித்திருந்தாள் அம்மா, அந்த வெயிலில். கோவிலில் பாவமன்னிப்புக்கான வரிசையில் நிற்கும்போதும் போர்த்திக்கொண்டுதான் நிற்பாள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த வாசனை, அதன்மேல் ஒரு கை பவுடர், அதற்கும் அடியில் வேறொன்று. மாம்பழம் பெட்டியில் அழுகினால் வரும் வாசனை. அப்பா ரயில்வேயில் இருந்தார். வைத்தியத்துக்கு ஒரு பைசா ஆகியிருக்காது. ஆனால் அம்மா யாரிடமும் காட்டவில்லை. எங்கே என்று காட்டுவது, எப்படி என்று சொல்வது. கடைசியில் ஃபிலோ ஒருநாள் குளியலறைக் கதவை உடைக்காத குறையாகத் திறந்து பார்த்தபோது, அம்மா சொன்னது, "யாருகிட்டயும் சொல்லாதீங்கடி" என்பதுதான். பக்கத்து வீடுகளுக்கு வயிற்றில் கட்டி என்று சொல்லிவைத்தார்கள். கல்லறைக்குப் போகும் வரை அது வயிற்றுக் கட்டிதான். இருபது முப்பது வருஷம் கழித்தும், யாராவது கட்டிக்கொள்ள வந்தால் ரெஜினாவின் உடம்பு ஒரு நொடி பின்வாங்கும். அந்த முழங்கை எங்கிருந்தோ வரப்போகிறது என்று. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டதற்கு அவள் ஆயிரம் காரணம் சொல்வாள். இதை மட்டும் சொன்னதில்லை.

"குளுருதா?" என்றாள் ஃபிலோ.

"இல்லக்கா."

"உதடு நீலமா இருக்கு. இந்தா, இத மேல போட்டுக்க." தன் துப்பட்டாவை எடுத்துப் போர்த்திவிட்டாள். வலது கையால்தான். இடது கை மடியிலேயே கிடந்தது, இறுக்கமான உறையை மாட்டிக்கொண்டு, தனியாக ஒரு பிராணி படுத்திருப்பதுபோல. அறுவைக்குப் பிறகு வீங்கிய கை. வடிந்தால் கொஞ்சம் வடியும், மறுபடி ஏறும். அக்காவுடையதையும் இதேபோல ஒரு படத்தில்தான் கண்டுபிடித்தார்கள். பங்குக் கோவில் வளாகத்துக்கு ஒரு வண்டி வந்தது, உள்ளேயே மிஷினை வைத்துக்கொண்டு. மாதர் சங்கத்தில் எல்லோரும் ஏறி இறங்கினார்கள். ஃபிலோதான் முதலில் ஏறினாள். கட்டி என்று எதுவும் இல்லை. கைக்குத் தட்டுப்படாது. படத்தில் மட்டும் உப்புத் தூவியதுபோல் கொஞ்சம் வெள்ளைப் புள்ளிகள். இரண்டு மாதத்தில் மார்பு போயிற்று, அதன் கூடவே அக்குளின் நெறிகட்டிகளும் போயின. நல்ல காலம், சீக்கிரம் பார்த்துவிட்டார்கள். அத்தான் செபஸ்தியான் அப்படித்தான் சொன்னார், பங்குச் சாமியார் சொன்னார், பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தை மேசையில் வைத்துவிட்டு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ரெஜினாவும் சொன்னாள். ஃபிலோ எல்லோருக்கும் தலையாட்டினாள். பாட்டுக்குழுவில் ஹார்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தவள் அதற்கப்புறம் வாசிக்கவில்லை. கை எழவில்லை என்றாள். பாடவும் இல்லை. பாடுவதற்குக் கை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச வருஷம் கழித்து, வகுப்புக்கு ஏதோ தேடிக்கொண்டிருந்தபோது ரெஜினாவின் கண்ணில் அது பட்டது. அக்காவுக்கு வந்தது மாதிரி, பால் குழாய்க்குள்ளேயே அடங்கி உட்கார்ந்திருக்கும் வகை. பூஜ்ய நிலை என்று அதற்குப் பெயர். அதில் சில வெளியே பாயும், கொல்லும். சில ஆயுசுக்கும் அப்படியே தூங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பெண் எண்பது வயதில் வேறு எதனாலோ செத்துப்போவாள், தனக்குள் அது இருந்ததே தெரியாமல். எது பாயும், எது தூங்கும் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் எல்லோரையும் அறுக்கிறார்கள். படித்துவிட்டு ரெஜினா லேப்டாப்பை மூடினாள். மூடிய பிறகும் அந்த வெளிச்சம் கண்ணுக்குள் இருந்தது. அக்கா எந்த வகை? காப்பாற்றப்பட்டவளா, சும்மா இருந்த ஒன்றுக்காக அறுக்கப்பட்டவளா? அறுத்தெடுத்த பிறகு அதைக் கேட்க முடியாது. விடை எங்கேயும் இல்லை. கடவுளிடம் இருக்கலாம். அவர் கணக்கைக் காட்டுவதில்லை. அம்மாவுக்கு யாராவது முன்னாலேயே ஒரு படம் எடுத்திருந்தால் அவள் இருந்திருப்பாள். அக்காவுக்கு யாரும் எடுக்காமல் விட்டிருந்தால் அவள் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாடிக்கொண்டிருக்கலாம். அல்லது அம்மாவுக்குப் பக்கத்தில் கிடக்கலாம். இந்த ‘அல்லது’ அவள் தொண்டையில் முள்ளாய்ச் சிக்கிக் கிடக்கிறது. விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. ஃபிலோவிடம் அவள் இதைச் சொன்னதில்லை. ஃபிலோவுக்குத் தெரியுமா என்பதும் தெரியாது.

கல்லூரி முதல்வரான சிஸ்டர் வேறு இப்போது ரெஜினாவிடம் யோசனை கேட்டிருக்கிறார். அக்டோபரில் கல்லூரியில் இலவச மார்பகப் பரிசோதனை முகாம். சுற்றுவட்டாரப் பெண்கள் எல்லோரும் வருவார்கள். மிஷின் வண்டியை வரவழைப்பதா, நர்சுகளுக்குப் பயிற்சி கொடுத்துக் கையால் தடவிப் பார்க்கச் சொல்வதா, அல்லது யாரோ ஒரு கம்பெனிக்காரர் வந்து, தொடவே வேண்டாம் சிஸ்டர், வலியே இல்லை, உடம்புச் சூட்டைப் படம் பிடித்தே சொல்லிவிடலாம் என்று காட்டிவிட்டுப் போன அந்தக் கேமராவா. "நீங்கதான் கணக்குப் போட்டுச் சொல்லணும் ரெஜினா" என்றார். கேமராவை அவள் அன்றைக்கே ஒதுக்கிவிட்டாள். தொடவேண்டாம் என்பது மட்டும்தான் அதில் நல்லது, எதை விட்டுவிடும் என்பதற்கு அந்த மனுஷனிடம் பதில் இல்லை. ஆனால் அம்மா இருந்திருந்தால் அந்தக் கேமராவுக்கு முன்னால் மட்டும்தான் போய் நின்றிருப்பாள். அந்த நினைப்பு வந்ததும் ஒதுக்கியது மறுபடி உள்ளே வந்தது. நர்சுகளின் கை பெரியதைத்தான் பிடிக்கும். ஆனால் தூங்குகிறதை எழுப்பாது. மிஷின் அரிசி அளவையும் பிடிக்கும். எழுப்ப வேண்டாததையும் எழுப்பும். இந்தப் பக்கம் ஆயிரம் பெண்களை நிறுத்தி, பல வருஷம் படம் எடுத்தால் ஒருத்தியோ இரண்டு பேரோ சாவிலிருந்து தப்பிக்கிறார்கள். அந்தப் பக்கம் நூற்றுக்கணக்கான பேர் இப்படிக் குளிரில் உட்கார்ந்து முடிச்சை இறுக்குகிறார்கள், சில பேர் சும்மா அறுபடுகிறார்கள். தராசின் ஒரு தட்டில் அம்மாவை வைத்தாள். மறு தட்டில் அக்காவை வைத்தாள். முள் ஆடிக்கொண்டே இருந்தது. சிஸ்டர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். இன்னும் யோசனை பண்றேன் சிஸ்டர் என்று சொல்லிச் சொல்லிக் கழிக்கிறாள்.

"மேடம், வாங்க." இடது பக்கம் என்றாள் அந்தப் பெண். இப்போது சிறிய தட்டு ஒன்றை மாட்டியிருந்தார்கள். ஓர் இடத்தை மட்டும் குறிவைத்து அழுத்தியது. அவர்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லையே என்று ரெஜினா நினைத்தாள். இவ்வளவு காலம் குளித்திருக்கிறேன், துவட்டியிருக்கிறேன், குப்புறப் படுத்துத் தூங்கியிருக்கிறேன், அங்கே ஒன்று என்னோடு குடியிருந்திருக்கிறது. கன்னம் மிஷினில் பட்டது. ‘அசையாதீங்க.’ அசையவில்லை. அங்கிட்டு நில்லு. யார் சொன்னது? மிஷின் உறுமிவிட்டு நின்றது. பிறகு இன்னோர் அறை, இருட்டு, மேசையில் படுக்கவைத்து ஜெல்லைத் தடவி டாக்டர் நூர்ஜஹான் தானே ஸ்கேன் கருவியை வைத்து உருட்டினார். அவர் விரல் ஓர் இடத்தில் நின்றது. நகர்ந்தது. மறுபடி வந்து நின்றது. ரெஜினா திரையைப் பார்க்கவில்லை, டாக்டரின் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் திரையின் சாம்பல் வெளிச்சம் சின்னதாக ஆடியது.

துடைத்து எழுந்து உட்கார்ந்ததும் ஃபிலோவையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் அவசரப்படாமல் பேசினார். "இடது பக்கம் சின்னதா ஒரு உருண்டை இருக்கும்மா. பட்டாணி அளவுதான். விளிம்பு வழவழன்னு இருக்கு, பாக்க சாதுவாத்தான் தெரியுது. இந்த மாதிரி இருக்கிறதுல நூத்துல ரெண்டுகூட கெட்டதா வராது. ரெண்டு வழி இருக்கு. இப்பவே ஊசி போட்டு கொஞ்சம் சதை எடுத்து அனுப்பிப் பாத்துடலாம். இல்லன்னா ஆறு மாசம் கழிச்சு வாங்க, வளருதான்னு பாப்போம். வழக்கமா நான் ரெண்டாவதைத்தான் சொல்லுவேன். ஆனா உங்கம்மாவுக்கு இருந்துச்சு, அக்காவுக்கும் இருந்துச்சு. அதனால ஊசி வேணும்னு நீங்க கேட்டா வேணாம்னு சொல்லமாட்டேன்."

நூற்றில் இரண்டுகூட இல்லை. சின்ன எண். தொண்ணூற்றெட்டுப் பேர் ஒரு பெரிய மைதானத்தில் வெயிலில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள், ஓரத்தில் போர்த்திக்கொண்டு நிற்கும் இரண்டு பேர். அந்த இரண்டு பேரையும் அவளுக்குத் தெரியும். எந்தக் கணக்கிலும் அவள் வீடு அந்த ஓரத்தில்தான் நின்றிருக்கிறது.

"ஊசியே போட்டுடுங்க டாக்டர்" என்றாள் ஃபிலோ. டாக்டர் கேட்டது ரெஜினாவிடம், பதில் அக்காவிடமிருந்து வந்தது.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். கையிலிருந்த உறையைப் பார்த்தார். "நீங்க இன்னொரு பக்கத்த வருஷா வருஷம் பாத்துக்கிறீங்கல்லம்மா?"

"பாத்துக்கிறேனே. போன வருஷம்கூட வந்தனே." குரல் உச்சத்தில் வந்தது. மெல்லிசாக, கிட்டத்தட்டப் பாடுவதுபோல. சின்ன வயதிலிருந்து பொய் சொன்னால் ஃபிலோவின் குரல் அப்படித்தான் மேலே ஏறும். மிட்டாய் எடுத்தது யார் என்றால் அந்தக் குரல். அம்மாவுக்கு வயித்துல கட்டி என்று தெருவில் சொன்னதும் அந்தக் குரலில்தான். ரெஜினாவின் முதுகில் ஜெல்லைவிடக் குளிர்ச்சியாக ஒன்று இறங்கியது. முதல் சில வருஷம் அவள்தான் கூடப் போனாள். அத்தான் ரிட்டயர் ஆன பிறகு அவர் கூட்டிப்போகிறார் என்று நினைத்துக்கொண்டாள். அத்தான், ரெஜினா கூட்டிப்போகிறாள் என்று நினைத்திருப்பார்.

"பத்து நிமிஷம் பேசிட்டுச் சொல்லுங்க" என்று டாக்டர் எழுந்துபோனார்.

இருட்டு அறையில் திரை மட்டும் அணையாமல் இருந்தது. ரெஜினா மேசையிலிருந்து இறங்காமலே கேட்டாள். "எத்தன வருஷமாச்சுக்கா நீ போயி?"

ஃபிலோ மடியிலிருந்த சட்டையைப் பிரித்தாள். "நாலு. அஞ்சு இருக்கும்."

"என்னை மட்டும் தரதரன்னு இழுத்துட்டு வந்த."

"நீ போகணும்."

"நீ?"

ஏதோ ஒரு மிஷின் சுவருக்கு அந்தப் பக்கம் உறுமி அடங்கியது. பிறகு ஃபிலோ சாதாரணக் குரலில், கீழ்க் குரலில் பேசினாள். "சாவுறதுக்குப் பயமில்ல ரெஜி. நிசமாச் சொல்றேன். இன்னொரு தடவ எவளாவது வந்து, நல்ல காலம், சீக்கிரம் பாத்துட்டாங்கன்னு சொன்னா என்னால தாங்க முடியாது. அன்னைக்கு எனக்கு அழணும்னு இருந்துச்சு. என் உடம்புடி, இருந்தது, போயிருச்சு. அழுதா, நன்றி கெட்டவ மாதிரி ஆயிடும். உங்கம்மா மாதிரி ஆகாம தப்பிச்சியே, அதுக்கு சந்தோஷப்படு அப்படிங்கிறாங்க. நானும் தலையாட்டினேன். இன்னைக்கு வரைக்கும் ஆட்டிக்கிட்டிருக்கேன்." சட்டையை மறுபடி மடித்தாள். "அது ஒருவேள சும்மாவே இருந்திருக்குமாம். உனக்குத் தெரியுமா?"

தொண்டையில் கிடந்த முள் அசைந்தது. "தெரியும்" என்றாள் ரெஜினா.

"எப்பலருந்து?"

"ஏழெட்டு வருஷமா."

"எனக்கும் அவ்வளவு நாளாத்தான் தெரியும்." ஃபிலோ கிட்டத்தட்டச் சிரித்தாள். "பேப்பர்ல ஒரு டாக்டர் எழுதியிருந்தாரு. நீ படிச்சிருப்பேன்னு தோணுச்சு. நீ வாயத் திறக்கல, நானும் கேக்கல. அம்மா வளத்த பிள்ளைங்கதான ரெண்டு பேரும்."

இவ்வளவு வருஷமாக ஒரே அறையில் இரண்டு பேரும் ஒரே இருட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள், விளக்கைப் போட்டால் மற்றவளுக்குக் கண் கூசுமே என்று. அழுகை வருமென்று ரெஜினா நினைத்தாள். வரவில்லை. ஏதோ ஒன்று மட்டும் நெஞ்சுக்குள் இடம் மாறி உட்கார்ந்தது. "அப்புறம் ஏன்க்கா என்னை ஊசி போட்டுக்கச் சொன்ன?"

"தெரியலடி. ரெண்டுல எதுன்னாலும் எனக்குப் பயமா இருக்கு. ஊசின்னா முடிஞ்சிரும்னு தோணுச்சு."

முடியாது. அது மட்டும் ரெஜினாவுக்குத் தெரியும். ஊசியில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் அடுத்த வருஷம் ஒரு படம், அதற்கடுத்த வருஷம் ஒன்று. புள்ளிகள் எங்கேயாவது காத்துக்கொண்டிருக்கும். ஆறு மாதம் காத்திருப்பதென்றால், ஆறு மாதமும் அம்மாவைப் போலப் போர்த்திக்கொண்டு நடப்பது. அப்படியா? அம்மா காத்திருந்தது யாருக்கும் தெரியாது. இது அக்காவுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், பட்டாணி அளவு என்று தெரியும். அது ஒரு வித்தியாசம்தானா? வித்தியாசம்தான் என்று அவளால் நிரூபிக்க முடியாது. ஆனால் கால் தரையில் பட்டபோது முடிவு பண்ணியிருந்தாள். டாக்டர் திரும்பி வந்ததும், "ஆறு மாசம் கழிச்சு வரேன் டாக்டர்" என்றாள். அக்காவின் கையிலிருந்த சட்டையை வாங்கிக்கொண்டாள். "கொஞ்சம் முன்னாடியே பயந்துக்கிட்டு வந்தாலும் வருவேன்."

"தாராளமா வாங்க. நான் விரட்டமாட்டேன்" என்றார் டாக்டர் நூர்ஜஹான்.

வெளியே தில்லைநகர் சாலையில் மதிய வெயில் வெள்ளையாக எரிந்தது. படியிறங்கும்போது ரெஜினா, "சிஸ்டர்கிட்ட நர்சுங்களும் இருக்கட்டும், வண்டியும் வரட்டும்னு சொல்லப்போறேன். ஆனா ஏறுறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ரெண்டு பக்கத்தையும் உக்காரவச்சு சொல்லணும்" என்றாள்.

"சொன்னா பாதிப் பேரு எறங்கிப் போயிருவாளுக."

"போகட்டும். தெரிஞ்சு போகட்டும்."

"அம்மா மாதிரி இருக்கிறவ போயிட்டான்னா?"

ரெஜினா கடைசிப் படியில் தெருவைப் பார்த்து நின்றாள். ஃபிலோவும் நின்றாள்.

"என்னையும் போய்ப் படம் எடுத்துக்கன்னு நீ சொல்லல" என்றாள் ஃபிலோ.

"சொல்லமாட்டேன். நீ போனா நான் கூட வரேன். யாரும் எதுவும் சொல்லவிடாம பாத்துக்கறேன்."

ஃபிலோ எதிர்ச்சாரியிலிருந்த ஹோட்டலைக் காட்டினாள். காலையிலிருந்து இரண்டு பேரும் ஒன்றும் சாப்பிடவில்லை. சாலையைத் தாண்டி உள்ளே நுழைந்தார்கள். நல்ல கூட்டம். ஃபேனுக்குக் கீழே இடமில்லை. மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த சர்வர் நிமிர்ந்து, "எத்தன பேரும்மா?" என்றார்.

"ரெண்டு பேரு" என்றாள் ஃபிலோ.

மைதானத்து ஓரத்தில் போர்த்திக்கொண்டு நின்ற அந்த இரண்டு பேர் கண்ணில் வந்து போக, ரெஜினா ஒரு கணம் தாமதித்துத்தான் தலையசைத்தாள்.